பெரியப்பா குரல்ல ஒரு போன்

ஐயோ, பிஸ்கட்டெல்லாம் வேண்டாம் பெரியப்பா. ரெண்டு பஸ் மாறி வந்தேன்ல, முதல் பஸ்லயே ஒரு பொட்டலம் காலி. இன்னொண்ணு இதோ இருக்கு, பிரிச்சுப் பாத்தா கத்தரிக்கா ஊறுகாய் வெச்ச ரொட்டி. எனக்கு அது ஆகவே ஆகாது. மேசை மேல வெச்சிடறேன், நாய் இருந்தாப் போடுங்க.

முதல்ல உக்காருங்க. உங்க வீட்டுல உங்களையே உக்காரச் சொல்றேன் பாருங்க, என் வாய் அப்படி. அடையாளம் தெரிஞ்சுதுல்ல? கார்மினே பையன் எலியோ. அஞ்சு வருஷத்துல மூக்கு மட்டும்தான் வளந்திருக்குன்னு அம்மா சொல்றாங்க.

ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பீங்க. சத்தியமா. காப்பியக் கீழ வெச்சிருங்க, சட்டை வீணாப் போயிடும்.

இப்பவே இல்ல, கொஞ்சம் பொறுங்க. நல்ல சிரிப்பு லேட்டாத்தான் வரும்.

அப்படி முறைக்காதீங்க பெரியப்பா. வந்ததுலேர்ந்து ஒரு வார்த்த பேசல நீங்க. கோவம் இருக்கும், எனக்குத் தெரியும். கதவத் தொறந்து உள்ள விட்டீங்களே, அதுவே பெருசு. ஆனா ஒண்ணு கேக்கறேன், இந்த வெயில்ல கழுத்துல மப்ளர் எதுக்கு? காலைல சில்லுன்னுதான் இருக்கு, சரி. இந்த மார்ச் மாசம் இப்படித்தான் படுத்துது. ஆறு மணிக்கு எங்கம்மா, ஸ்வெட்டர் போடு எலியோ, நெஞ்சுல சளி கட்டும் எலியோ. பன்னெண்டு மணிக்கு அதே அம்மா, யாராவது இந்த வெயில்ல ஸ்வெட்டர் போடுவானா, உனக்கு மூளை இருக்கா எலியோ.

ஆங், அது அம்மா குரல்தான். நல்லாருக்கா? பள்ளிக்கூடத்துல எல்லார் குரலும் என்கிட்ட இருக்கு. ஹெட்மாஸ்டர் மைக்ல இருமறது, ஃபாதர் பிரசங்கத்துல தூங்கி விழற மாதிரி பேசறது, எல்லாம். எதிர்வீட்டு ஸ்டாவ்ரூலாம்மா பூனையக் கூப்பிடுவாங்கல்ல, மூக்கால. அதே மாதிரி நான் கூப்பிட்டா அந்தப் பூனை சுவரேறி எங்க வீட்டுக்கு வந்து பால் குடிச்சிட்டுப் போகுது. யாரு கூப்பிட்டதுன்னு அதுக்கே தெரியல!

இதுவா அந்தச் சிரிப்பான விஷயம்? சேச்சே. இது சும்மா.

சரி, வீட்டு சமாச்சாரம் சொல்றேன். நீங்க தக்காளி அரைக்கற மெஷின வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனதுக்கப்பறம் எங்க வீட்டுல சாஸ் போடவே இல்ல. தெரியுமா? ஒரு வருஷம்கூடப் போடல. அம்மா கடைல டப்பா சாஸ் வாங்கறாங்க. வாங்கறது கூடத் தப்பில்ல பெரியப்பா, அத ஒளிச்சு வாங்கறாங்க. எங்க தெருவுல ஒரு பொம்பளையும் பாக்காத தூரத்துக் கடைக்குப் போய், டயப்பர் பாக்கெட்டுக்கு அடியில வெச்சு எடுத்துட்டு வராங்க. எங்க வீட்டுல கொழந்தையே இல்ல!

விருந்தாளி வந்தா இன்னும் கூத்து. டப்பாவ ஒடச்சு பழைய பீர் பாட்டில்ல ஊத்தி, மேல ஒரே ஒரு பேசில் இலை. அதுக்கு மூடி வேற அடிச்சு, வந்தவங்க கண்ணு முன்னாடி திறப்பாங்க. டப்புன்னு சத்தம் வரணுமாம். சித்தி நாக்குல வெச்சுப் பாத்துட்டு, என்ன லிடியா, இந்த வருஷம் இனிப்பு தூக்கலா இருக்கேன்னாங்க. அதுக்கு அம்மா, என்ன பண்றது, தக்காளி அப்படி. அப்பா உடனே எழுந்து தோட்டத்துக் குழாய மூடினமான்னு பாக்கப் போயிட்டாரு. யாராவது சாஸப் பத்திப் பேசினாலே அந்தக் குழாய் ஒழுக ஆரம்பிச்சிடும் அவருக்கு.

சிரிச்சீங்களா? இல்ல? உதடு லேசா அசைஞ்சுது, நான் பாத்தேன்.

எங்கப்பாவுக்கு வெக்கம் பெரியப்பா. டப்பா சாஸுக்கில்ல. அது உங்களுக்கே தெரியும். ஃபிலோமினா பெரியம்மா இறந்த வருஷம் பாட்டிலெல்லாம் நீங்க தனியாளாக் கழுவினீங்க. எப்பவும் அது பெரியம்மா வேலை. ஏதோ பாட்டில்ல ஈரம் நின்னுருக்கு, சாஸ் புளிச்சு, குளிர்காலத்துல எங்க ஷெட்டுக்குள்ள ஒண்ணொண்ணா வெடிச்சுது. ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்திருந்தப்ப அப்பா ஷெட்டுக் கதவத் தொறந்து பாத்துட்டு, அத்தன பேர் முன்னாடியும் அந்த வார்த்தையச் சொன்னாரு. உன் வீட்டுல ஒரு பொம்பள இருந்திருந்தா பாட்டிலு சுத்தமா இருந்திருக்கும்னு.

நானும் அங்கதான் இருந்தேன். உங்க முகத்தப் பாத்தேன். வேண்டாம், அத விடுங்க.

சிரிப்புக்கு வரேன். வரேன் பெரியப்பா. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

போன சனிக்கிழம என் ஸ்கூல் பசங்க ரெண்டு பேரு எங்க கராஜ்ல உக்காந்திருந்தானுங்க. ஆர்ச்சின்னு ஒருத்தன், அவன் சும்மா இருக்காம, எந்தக் குரலுக்கு உங்கப்பா ரொம்பக் கோவப்படுவாருன்னு கேட்டான். நான் யோசிக்கவே இல்ல. உங்க பேரத்தான் சொன்னேன். உங்க குரல் என்கிட்ட பத்திரமா இருக்கு, அக்காவோட ஞானஸ்நான வீடியோல நீங்க பாட்டுப் பாடிட்டுக் குடிக்கறீங்கல்ல, அதக் கேட்டுக் கேட்டு. சரின்னு நம்பர் தெரியாத மாதிரி அமுக்கிட்டு, ஸ்பீக்கர்ல போட்டு, உள்ள சமையக்கட்டுல இருந்த அப்பாவுக்குப் போன் அடிச்சேன். அவரு கத்துவாரு, நாங்க வாயப் பொத்திச் சிரிப்போம். அவ்வளவுதான் திட்டம்.

எப்படிப் பேசினேனா? கேக்கணுமா? சொன்னா அடிக்க மாட்டீங்களே? சரி. முதல்ல நீங்க தொண்டையக் கனைப்பீங்க, வண்டி ஸ்டார்ட் ஆகாத மாதிரி. அப்பறம், ஏய் கார்மினே! கழுத! உசுரோட இருக்கியா, இல்ல உன் பொண்டாட்டி உன்னையும் பாட்டில்ல போட்டு மூடிட்டாளா?

என்னாச்சு பெரியப்பா? ஐயோ, தப்பா நினைக்காதீங்க. மன்னிச்சுக்கங்க. இனிமே பண்ண மாட்டேன்.

என்ன? கைய எதுக்கு அப்படிச் சுத்தறீங்க? இன்னொரு தடவையா? நிஜமாவா? கோவமில்லையா?

ஏய் கார்மினே. கழுத. உசுரோட இருக்கியா...

போதும் பெரியப்பா. நீங்க இப்படிப் பாத்தா எனக்கு வரல.

சரி, கேளுங்க. அப்பா கத்தல. குழாயில தண்ணி ஓடறது மட்டும் கேக்குது, அப்பறம் அதையும் நிறுத்திட்டாரு. ஆர்ச்சி கன்னத்த உப்பிக்கிட்டு ரெடியா இருக்கான். அப்பா மெதுவாச் சொன்னாரு, டோனாட்டோ, ஃபிலோமினா பேர இழுத்து நான் பேசினது இன்னும் என் வாய்க்குள்ளயே நாறிக்கிட்டுக் கிடக்கு. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. உன் வாசல் வரைக்கும் வண்டியில வருவேன், எஞ்சின அணைக்காமலே திரும்பிடுவேன்னாரு.

ஆர்ச்சி கன்னத்துல இருந்த காத்து மெதுவாப் போயிடுச்சு. இன்னொருத்தன் ஷூ கயித்த அவுத்துக் கட்டறான். எனக்குக் காதெல்லாம் எரியுது பெரியப்பா. போன வெச்சிருக்கணும். அப்பா, நான்தான்ப்பான்னு சொல்லியிருக்கணும். முடியல. அவரு என்கிட்ட அந்த மாதிரி ஒருநாளும் பேசினதில்ல, யாருகிட்டயும் பேசி நான் கேட்டதில்ல. துணி மாத்தறவரக் கதவத் தொறந்து பாத்துட்ட மாதிரி. அவரு ஏதாவது சொல்லுன்னு காத்துக்கிட்டிருக்காரு. என் வாயில உங்க குரல்ல என்ன வந்துச்சு தெரியுமா? சரி விடுறா, அடுத்த சனிக்கிழம மெஷினோட வரேன், தக்காளி வாங்கி வைன்னு.

ஆமா. இன்னிக்குத்தான் சனிக்கிழம.

கேட்டுட்டு அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? குரல் நல்லாருக்கு டோனாட்டோ. பழைய மாதிரியே இருக்கு. கேட்டு ரொம்ப நாளாச்சுன்னாரு. வெச்சிட்டாரு.

இப்ப எங்க கராஜ்ல வந்து பாருங்க. இருபது பெட்டித் தக்காளி. எல்லாம் பழுத்து, கைய வெச்சாக் கொழகொழன்னு இருக்கு. பாட்டில் கொதிக்க வெக்கற டிரம்மத் தேய்ச்சு வெச்சாச்சு. கொதிக்கறப்போ பாட்டில் முட்டாம இருக்க நடுவுல வெக்கற சாக்கு, அதையும் துவைச்சுக் காயப் போட்டாச்சு. பாட்டிலெல்லாம் அப்பா தானே கழுவினாரு, ஒருத்தரையும் தொட விடல. மூணு நாளா. ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஒத்தக் கண்ணால பாக்கறாரு. அம்மா அவசரப்பட்டு எல்லாருக்கும் சொல்லிட்டாங்க, டோனாட்டோ வராரு, மெஷின் வருதுன்னு. சித்தி வீடு மொத்தமும் வருது. மத்தியானத்துக்குப் புது சாஸ்ல பாஸ்தா. உங்களுக்குன்னு கை வெச்ச நாற்காலியத் தொடைச்சுப் போட்டிருக்காங்க. மெஷின் இல்லாம நாளைக்குள்ள அத்தனையும் பன்னிக்குத்தான் போடணும். ஆனா தக்காளி போனாப் போகட்டும். அத்தன பேர் முன்னாடி அப்பா வாசலப் பாத்துக்கிட்டு நிக்கப் போறாரு பெரியப்பா. நீங்க வரவே போறதில்லன்னு நான் ஒருத்தன் மட்டும் தெரிஞ்சுக்கிட்டு, அங்க நின்னு தக்காளியில காம்பு கிள்ளணும்.

அதான் ஓடி வந்துட்டேன். சாஸ் நாள்ல காலைல ஒரு ஈ கூட எங்க வீட்ட விட்டு வெளிய போகக் கூடாது. ஆனா அப்பா என்னை வாசல்ல பாத்தாரு, எங்கடான்னு கேக்கல. உள்ள போய் இந்த ரெண்டு பொட்டலத்தையும் கொண்டாந்து பையில வெச்சாரு. தூரம் போற, பசிக்கும்னாரு. மனசு நல்லாருக்கு போலன்னு நினைச்சேன். எனக்கு இன்னும் கேவலமா இருந்துச்சு.

இதான் பெரியப்பா, சிரிப்பு. சிரிங்க. எனக்காக வரவேண்டாம். என்ன வேணா திட்டுங்க, அடிங்க கூட. அவரு சொன்னது உங்களுக்குத்தான், நடுவுல நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். அதக் குடுக்கத்தான் வந்தேன்.

எங்க எழுந்து போறீங்க? பெரியப்பா?

சாவியா அது? வண்டிச் சாவியா? ஷெட்டுல, அந்தப் போர்வைக்கு அடியில இருக்கறது மெஷினா! எண்ணெய் வாசனை வருது. அப்ப நீங்க வரீங்களா? வாயத் தொறந்து ஒரு தடவை சொல்லுங்களேன்.

ஆங்? என்ன? சத்தமா சொல்லுங்க. சளி கட்டிக்கிச்சா? இருங்க, காத கிட்ட கொண்டாரேன். என்ன... வரேன்னா? மப்ளர ஏன் அவுக்கறீங்க, வேண்டாம், குளிர்...

இந்தத் தழும்பு எப்ப பெரியப்பா?

போன குளிர்காலமா. தொண்டைல கட்டியா. அப்ப குரல்... இனிமே இவ்வளவுதானா? இந்தக் காத்து மட்டுமா? நான் வேற வந்ததுலேர்ந்து பேச மாட்டேங்கறீங்க, முறைக்கறீங்கன்னு... உங்க முன்னாடியே அந்தக் குரல்ல... ஐயோ. நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கறது.

இல்ல, நிஜமா மன்னிச்சுக்கங்க.

ஆனா இப்ப ஒரு சிக்கல் இருக்கே. அங்க வந்து நீங்க வாயத் தொறந்தா நான் மாட்டிக்குவேன். போன சனிக்கிழம கணீர்னு கழுதன்னு திட்டினவரு இன்னிக்கு இப்படிப் பேசினா அப்பா கண்டுபிடிச்சிடுவாரே. ஒண்ணு செய்யலாமா? நீங்க வாய மட்டும் அசைங்க. நான் பின்னாடி நின்னு பேசறேன். மெஷின் சத்தத்துல யாருக்கும் தெரியாது.

என்ன, தோள் குலுங்குது? சிரிக்கறீங்களா, அழறீங்களா? சத்தமே வரல, எப்படிக் கண்டுபிடிக்கறது நான். சிரிப்பா? இதுக்கா? இவ்வளவு நேரம் சொன்னதுக்கெல்லாம் சிரிக்காம இதுக்கா?

மெதுவா, மெதுவா சொல்லுங்க. காது இங்கதான் இருக்கு. ஆஸ்பத்திரில... கண்ணு முழிச்சப்ப... கட்டில் பக்கத்துல யாரு?

எங்கப்பாவா?

ஒரு வார்த்தையும் பேசலையா. நீங்க சுவரப் பாத்துத் திரும்பிக்கிட்டீங்களா. நர்ஸ் வந்து அவருகிட்டச் சொன்னாங்களா, இனிமே உங்க அண்ணனுக்குப் பழைய குரல்...

அப்ப அப்பாவுக்குத் தெரியும்.

எங்ககிட்ட ஒருத்தர்கிட்டயும் சொல்லல அவரு. போன குளிர்காலத்துலேர்ந்து... அப்ப போன்ல நான் தொண்டையக் கனைச்ச உடனே... பழைய மாதிரியே இருக்குன்னாரே. கேட்டு ரொம்ப நாளாச்சுன்னாரே.

இருங்க பெரியப்பா, அந்தப் பொட்டலத்தப் பிரிக்காதீங்க. ஒரு நிமிஷம்.

நீங்க கத்தரிக்கா ஊறுகாய் சாப்பிடுவீங்களா?

ரொம்பப் பிடிக்குமா?

எனக்கு ஆகாதுன்னு எங்கப்பாவுக்குத் தெரியுமே.