தவளை ஊற்றின் மடை

— வண்டியைத் தோட்டத்துக்குள்ளயே கொண்டாந்துட்டியா? ஜாக்கெத்து, உனக்கென்ன கிறுக்கா?

— கத்தாதே மத்துரேன் அண்ணே. செடிவேலிக்கு அந்தப் பக்கம்தான் நிக்குது. உன் மருமகன் படுத்துக் கெடக்கான், எப்படி இருக்கான்னு முதல்ல கேக்கத் தோணலையே உனக்கு.

— கேக்கணுமா? அவன் உடம்பு நடுங்குற நடுக்கத்துல வண்டிப் பலகை தடதடன்னு ஆடுற சத்தம் இங்க வருதே. குளிர்காய்ச்சலா?

— கால்வாய் வெட்டப் போனவங்க எல்லாருக்கும் அதேதான். சண்டை போடப் பட்டாளத்துல சேந்த புள்ளை. மண்வெட்டியைக் குடுத்துச் சேத்துல எறக்கிவிட்டாங்க. எதுக்கு? ராஜா தோட்டத்துல நீ பாத்துக்குற இந்த நீரூத்துக்குத் தண்ணி கொண்டார.

— மெல்லப் பேசு தாயி. ராஜா அரண்மனைப் படியிறங்கிட்டாரு, கூடவே வெளிதேசத்துத் தூதருங்க. அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.

— இந்தத் தவளை ஊத்தைப் பாக்கணுமாம் எம்புள்ளை கோலாவுக்கு. வழியெல்லாம் அதே பேச்சு. அதைத் திறக்குறது எங்க மாமன்தான்னு அங்க எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டானாம். ஒருத்தனும் நம்பலையாம். அவன் வெட்டின தண்ணி வந்து சேந்துச்சா அண்ணே?

— எங்க வந்துச்சு? கால்வாய் பாதியில கெடக்குது. இருக்குறதை வச்சு ஒப்பேத்துறோம். ராஜா வர்றாருன்னா மேலே இருக்குறவன் சீட்டி அடிப்பான், நான் மடையைத் திறப்பேன். அவரு திரும்பி நடந்ததும் மறுபடி சீட்டி. உடனே அடைச்சுடணும். அப்பதான் கீழே தங்கத்தேர் ஊத்துல தண்ணி ஏறும்.

— இவ்வளவுதானா? எல்லாம் எப்பவும் பொங்கிக்கிட்டே இருக்கும்னு நெனச்சேன்.

— அவரு கண்ணு போற எடத்துல பொங்குதுல்ல. அது போதும்.

— அப்ப அவரு போனப்புறம் கொஞ்சம் திறந்து வையேன். ராஜா எதிர்ல நோயாளியைக் கொண்டார முடியாது. அவரு முதுகு திரும்பினதும் சந்துல தள்ளிட்டு வரேன். ஒரு ஜெபம் சொல்ற நேரம் போதும்.

— ஒரு ஜெபம் சொல்றதுக்குள்ள தங்கத்தேர் வறண்டு நிக்கும். தூதருங்க முன்னாடி ராஜா மானம் போகும். போன வருசம் இதே மடை வேலையில பிளேசு கண்ணசந்துட்டான், இன்னும் சிறையிலதான் கெடக்கான். எனக்கு நாலு புள்ளைங்க, ஜாக்கெத்து.

— எனக்கு அவன் ஒருத்தன்தான்.

— நான் என்ன செய்யட்டும்? இது சதுப்புக்காடா இருந்தப்போ நம்ம அப்பா இங்க வாத்து புடிப்பாரு. பழைய ராஜா வேட்டைக்கு வந்தா தங்குறதுக்கு ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான். இப்ப தங்கக் கூரை, கண்ணாடிக் கூடம், வெள்ளித் தொட்டியில ஆரஞ்சு மரம். அழகுதான், இல்லைங்கலை. நானே வாயைப் பொளந்துக்கிட்டு நின்னிருக்கேன்.

— ஊத்துல செலையா நிக்குற அந்தத் தவளைங்க யாருன்னு கேட்டான் கோலா.

— தாகத்தோட வந்த ஒரு தேவதையைக் குடிக்கவிடாம ஊர் ஜனங்க குளத்தைக் கலக்கிட்டாங்க. அவ சாபத்துலதான் தவளையாயிட்டாங்க.

— நம்ம ஊர்க் குளத்தையெல்லாம் இங்க உறிஞ்சிக்கிட்டு வந்தவங்க என்னவா ஆவாங்களாம்?

— வாயை அடக்கு. அதோ, ராஜாவோட குடை தெரியுது. அவன்கிட்ட போய்ச் சொல்லு, தண்ணி எழும்புற சத்தமாவது கேக்கட்டும்.

— இரு, வரேன்...

— என்ன சொன்னான்?

— ம்... சந்தோசம்னான்.

— சரி, சீட்டி வந்துடுச்சு. தள்ளிக்கோ, திறக்குறேன்.

— யம்மாடி! எவ்வளவு உசரம்!

— சும்மா இரு, ராஜா நிக்குறாரு... திரும்பிட்டாரு. போ, வண்டியைத் தள்ளிட்டு வா.

— அடுத்த சீட்டியும் வந்துடுச்சேண்ணே. அடைக்கலையா?

— கேட்டுச்சு. நீ வண்டியைக் கொண்டா.

— வேண்டாம்ணே, அடைச்சுடு. நாலு புள்ளைங்கன்னியே, அடைச்சுடு.

— ஏன்? பாக்கணும்னு ஆசைப்பட்டான்ல?

— நான் பொய் சொன்னேண்ணே. போய்ப் பாத்தப்பவே உயிர் இல்லை. மாமன் திறக்குறதைக் காட்டுறேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருந்தேன், போயிட்டான்னு சொல்ல வாய் வரலை எனக்கு.

— தெரியும் தாயி. பலகைச் சத்தம் நின்னது எனக்கும் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் இந்த மடையை அடைக்கிறதில்லைன்னு முடிவு பண்ணேன். போ, என் மருமகனைக் கூட்டிட்டு வா.