முத்துசாமிக்கு அறை இல்லை

மே மாதத்துச் சனிக்கிழமை காலை, குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் பஸ். என் முன் சீட்டு இளைஞரின் மடியில் லேப்டாப். ஸ்பீக்கரில் போட்ட அவரது போனில் ஒரு விடுதியின் வரவேற்பாளர் பேசினார்.

"ஏனுங்க தம்பி, உங்க சாப்ட்வேர்ல முத்துசாமின்னு இங்கிலீஷ் பெரிய எழுத்துல அடிச்சா ஆளே இல்லைங்குது. சின்ன எழுத்துல அடிச்சா ரூம் போட்டிருக்காருங்குது. ஒரே மனுசன் தானுங்க!"

"அவரு ஆன்லைன்ல சின்ன எழுத்துல பதிஞ்சிருக்காருக்கா. நீங்க ஏன் கேபிடல்ல தேடறீங்க?"

"எந்த பாரத்தையும் கேபிடல்ல தான் எழுதிப் பழக்கமுங்க. அவரு குடும்பத்தோட இங்கியே நின்னு முறைக்கறாரு."

"சரி, எப்படி அடிச்சாலும் சின்ன எழுத்தா மாத்தித் தேடற மாதிரி க்வெரிய மாத்தறேன்... இப்பத் தேடுங்க."

"இப்ப யாருமே வரலீங்க! நேத்துத் தங்கினவங்களையும் காணோம்!"

வளைவில் சரிந்த லேப்டாப்பை அவர் இழுத்துப் பிடித்தார்.

"ஐயோ, டேட்டாபேஸ்ல இருக்கற பேரை மட்டும் சின்னதாக்கிட்டேன், நீங்க அடிக்கறத ஆக்கல. இருங்க... இப்ப?"

"வந்துட்டாருங்க."

"அப்பாடா! சாவியக் குடுங்க."

"எங்கிருந்து குடுக்கறது? பேரே இல்லைன்னு உங்க சாப்ட்வேர் சொல்லவும், அந்த ரூமைக் காத்தாலயே வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. இன்னிக்கு ஏற்காட்டுல எங்கயும் ரூம் இல்லீங்க."

"அதுக்கு நான் என்னக்கா பண்ணட்டும்?"

"இங்க பக்கத்துல வெள்ளக்கடையில உங்க ஊடு நொம்பப் பெருசுன்னு சொன்னீங்கள்ல? முத்துசாமி குடும்பத்த அங்க வழி சொல்லி அனுப்பிட்டனுங்க. அஞ்சு பேருக்குச் சோறாக்கச் சொல்லுங்க."