கன்னத்தில் வணக்கம்

லண்டனில் செவன் கிங்ஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். நான் வழக்கம்போல் பாட்டு ஓடாத இயர்போனோடு ஒட்டுக் கேட்டேன்.

மூத்தவர் சொன்னார்: "அர்ஜென்டினாவில, புவெனஸ் ஐரிஸில மகளோட நிண்ட மாசம் நாளுக்குப் பத்து முத்தம்!"

"இந்த வயசிலயோ, அண்ணை?"

"விசர்க்கதை கதைக்காத. அங்க வணக்கமே கன்னத்திலதான். பல் டொக்டரும் தந்தவர், லிப்ட் திருத்த வந்தவனும் தந்தவன்."

"இங்க?"

"மனிசியும் போய்ச் சேர்ந்திட்டாள், தனி வீடு. நான் திரும்பி வந்து மூண்டு கிழமை, ஒரு கைகூட என்னில படேல்லை."

இளையவர் மணியை அழுத்தி எழுந்தார். அண்ணையின் பக்கம் கொஞ்சம் குனிந்தார். பிறகு இருக்கைக் கம்பியைத் தட்டிவிட்டு, "வாறன் அண்ணை" என்று இறங்கிப் போனார்.

அண்ணை கன்னத்தைத் தடவியபடி என் பக்கம் திரும்பினார். நான் ஓடாத பாட்டுக்குத் தலையாட்டினேன்.