கற்பனைப் பாத்திரம்

— கையத் தொடாத ஏளா. தள்ளிப் போ.

— யம்மா, ஒரு வாய் சாப்பிடு. காலையில நாடகம் பாக்க மில்லர்புரம் போனதுலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ.

— கூடப்பெறந்த அண்ணன, இருவத்திநாலு வயசுல செத்தவன, அத்தன பேருக்கு முன்னால கற்பனைன்னு சொல்லிட்டியே ஜெர்லின். எப்படி வாய் வந்திச்சு?

— அது நாடகம்மா...

— நாடகத்தப் பத்தியா கேட்டேன்? ஜாய்சன் சட்டையப் போட்டு, அவன மாரியே தலையச் சாச்சுக்கிட்டு நீ மேடைக்கு வந்தப்ப எனக்கு மூச்சே நின்னுபோச்சு. அனல்மின் நிலையத்து நிலக்கரி பெல்ட்டுல அவன் கை மாட்டுன கட்டத்துல, கருத்துக் கேக்க வந்த ஆபீசர் மேடமே கண்ணத் தொடச்சாங்க. பெறவு மைக்கப் பிடிச்சு, "இந்தப் பையன் நெசமாவே இருந்தானா"ன்னு கேட்டாங்க. நீ என்ன சொன்ன?

— "இல்ல மேடம், நாங்களா எழுதுன பாத்திரம்."

— மாதாவே! எட்டுப் புள்ளைக ரெண்டு மாசம் பாடுபட்டிய. மின்சாரக் கொள்கை எழுதப் போறாங்க, இளசுக பேச்சையும் கேக்காங்க, காண்ட்ராக்ட் தொழிலாளி பாதுகாப்புக்கு ஒரு வரி சேக்க வச்சிருவோம்னு நீதான சொன்ன?

— நாந்தான் சொன்னேன்.

— நடந்த சம்பவம்னு சொல்லியிருந்தா எழுதியிருப்பாங்களாம்லா. ஒங்கூட நடிச்ச அனிஷு வாசல்ல நின்னு அழுதான்.

— நீயாவது எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாம்லா?

— எனக்கு நாக்கு எழும்பல. என்னய விடு. ஒன் வாய யாரு அடச்சா?

— நாடகம் முடிஞ்சதும், மேடம் மைக்கப் பிடிக்கதுக்கு முன்னால, அண்ணன் வேல பாத்த காண்ட்ராக்டரோட ஆளு ஒருத்தர் மேடைக்குப் பின்னால கூப்பிட்டாரு. போன்ல ஒரு காயிதத்தக் காட்டுனாரு. அண்ணன் அன்னிக்கு வேலைக்கே வரல, குடிச்சிட்டு வேலி ஏறி உள்ள குதிச்சான்னு எழுதியிருந்திச்சு. "மூணாவது வரிசைல ஒங்க அம்மாதான? மேடைக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லட்டா"ன்னாரு.

— ஒங்கிட்ட காட்டுனானா...

— கீழ ஒன் கையெழுத்தும்மா. 'விக்டோரியா'ல புள்ளி வைக்காம, நீ போடுத மாரியே.

— அய்யோ, எம் மவனே!

— அழாத. ஒனக்கு என்ன தெரியும்? வாசிக்க விடாம ஏமாத்தி வாங்கியிருக்கானுவ. அத ஊருக்கு முன்னால இழுத்து ஒன்னயத் தலகுனிய வைக்கணுமான்னுதான் அப்படிச் சொன்னேன்.

— ஏமாத்தல மக்கா. ரெண்டு தடவ சத்தமா வாசிச்சுக் காட்டுனாங்க. புள்ள மூணு நாளா பிணவறையில கெடந்தான், கையெழுத்துப் போட்டாத்தான் ஒடம்பத் தருவோம்னாங்க. தெரிஞ்சேதான் போட்டேன்.