திரை கறுத்துக் கிடந்த நேரம்

கடற்கரையில் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்று முதலில் தின்பது திருகாணிகளைத்தான். வெளியில் பார்த்தால் பெட்டி புதிது போல இருக்கும். திறக்கப் போனால் திருகாணித் தலை பொடியாக உதிரும். அதனால் எங்கள் சங்கக் கந்தோரில் இருக்கும் கொம்பியூட்டரை நான் கிழமைக்கு இரண்டு தரம் மெல்லிய துணியால் துடைப்பேன். யன்னலுக்குப் பழைய படுக்கை விரிப்பு ஒன்றையும் கட்டியிருந்தேன். ஆறு வருடம் அது ஒரு நாளும் பழுதாகவில்லை.

என் பெயர் சந்தியோகு. வயது ஐம்பத்திரண்டு. எங்கள் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பதினொரு வருடமாகச் செயலாளர். ஐயா, நீங்கள் கேட்க இன்னொரு பொலிஸ்காரர் எழுதுவதை விட நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னது அதனால்தான். கூட்ட அறிக்கை எழுதிப் பழகிய கை. நடந்ததை நடந்த ஒழுங்கில் தருகிறேன்.

போன வருடம் பிரான்சில் இருக்கும் எங்கள் ஊர் ஆட்கள் பத்துச் சிக்னல் பெட்டிகள் அனுப்பினார்கள். படகுக்கு ஒன்று. கந்தோர்க் கூரையில் அன்ரனா பூட்டினோம். படகு எங்கே நிற்கிறது என்பது கொம்பியூட்டர் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். கடலில் ஆபத்தென்றால் பெட்டியில் இருக்கும் பொத்தானை அமர்த்த வேண்டும். உடனே புள்ளி சிவப்பாகும், பக்கத்தில் அமர்த்திய நேரம் விழும், ஸ்பீக்கர் அடிக்கும். படகின் இலக்கம் எதுவோ அத்தனை தரம் அடிக்கும். மூன்றாம் இலக்கம் என்றால் மூன்று. மூன்று நிமிடத்துக்கு ஒருக்கால் திரும்பத் திரும்ப அடிக்கும். வெளியில் கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்கும் எந்தப் படகென்று விளங்கட்டும் என்று அந்த ஒழுங்கைக் கேட்டு வாங்கியது நான்தான். பூட்டித் தந்தவர் றிஸ்லான், மன்னார் ரவுனில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவர்.

ஏழாம் இலக்கம் றொட்னியின் படகு. றொட்னிக்கு முப்பத்தைந்து வயது. நல்ல தொழிலாளி, வாய்தான் கொஞ்சம் நீளம். பங்குனியில் நடந்த பொதுக்கூட்டத்தில் எழும்பி, "செயலாளருக்குக் கொம்பியூட்டரைத் துடைக்கத்தான் தெரியும், அதால வேலை எடுக்கத் தெரியாது" என்றார். சனம் சிரித்தது. வருகிற தெரிவில் தான் செயலாளருக்கு நிற்கப்போவதாகவும் சொன்னார். அதில் எனக்குக் கோபம் இல்லை. சங்கம் என்றால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். நான் எழுதாவிட்டாலும் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லுவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஆவணியில் பிரான்சில் இருந்து ஒரு பெரியவர் வருவதாக இருந்தது. பெட்டிகளுக்கு ஒழுங்கு செய்தவர். கந்தோர்ச் சுவரில் மாட்ட ஒரு பெரிய ரிவியையும் அவர் முன்கூட்டியே அனுப்பியிருந்தார். கரையில் நிற்கும் எல்லாரும் படகுகளைப் பார்க்கலாம் என்பது யோசனை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எங்கள் கோயில் பாதர் திரைச்சீலையை இழுத்துத் திறந்து வைப்பார் என்று அழைப்பிதழும் அடித்தாயிற்று. ஆனால் எங்கள் கொம்பியூட்டரில் ஒரு திரைக்குத்தான் இடம் இருந்தது. இரண்டு திரைக்கும் படம் போக வேண்டுமென்றால் உள்ளே புதிதாக ஒரு கிராபிக்ஸ் காட் போட வேண்டும். கொழும்பில் இருந்து எடுப்பித்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

றிஸ்லானுக்குச் சொன்னேன். "நாளைக்கு எனக்கு முருங்கனில வேலை அண்ணன். விழாவைச் சின்னத் திரையிலயே நடத்துங்கோ. ஞாயிறு போட்டுகள் கடலுக்குப் போகாது, அண்டைக்கு வந்து ஆறுதலாப் பூட்டித் தாறன். அதுக்கு முந்தி நீங்கள் கை வைக்காதீங்கோ" என்றார்.

ஓம் என்றேன். ஆனால் சுவரில் பெரிய ரிவி சும்மா தொங்க, ஒரு சாண் திரைக்கு முன்னால் பாதரையும் வந்தவரையும் குனிய வைப்பது மரியாதை இல்லை. நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

சனிக்கிழமை விடியப்புறம் பெட்டி பூட்டிய பத்துப் படகும் கடலுக்குப் போய்விட்டன. கச்சான் காற்று இருந்தது, பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஒன்பதரைக்கு நான் கொம்பியூட்டரைத் திறந்து புதுக் காட்டைப் பூட்டினேன். நல்ல கனமான சாமான். பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சுவிச்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. தொடங்கும்போது வரும் சின்ன இசையும் ஸ்பீக்கரில் கேட்டது. திரை மட்டும் கறுப்பு.

அணைத்துப் போட்டேன். கறுப்பு. வயரைக் கழற்றி மற்றப் பக்கம் குத்தினேன். கறுப்பு. காட்டை வெளியில் எடுத்து, அதன் பொன் நிறப் பல்லுகளை அழிறப்பரால் துடைத்துத் திரும்ப இறுக்கினேன். அப்போதும் கறுப்பு. பத்தேகாலுக்கு றிஸ்லானுக்குப் போன் எடுத்தேன்.

"தொடங்கிற சத்தம் வருதோ?" என்று கேட்டார்.

"வருது."

"அப்ப உள்ளுக்கு எல்லாம் வேலை செய்யுது அண்ணன். காட்டுக்குக் கரண்ட் காணாது போல. அதை இப்ப ஆராயாதீங்கோ. புதுக் காட்டைக் கழற்றிப்போட்டு, வயரைப் பழைய இடத்தில குத்துங்கோ. அஞ்சு நிமிசத்தில படம் வரும். கடல்ல ஆக்கள் நிக்கினம்."

அதற்கும் ஓம் என்றேன். அந்த ஐந்து நிமிடத்தை நான் எடுக்கவில்லை. கிட்டத்தட்டச் சரிவந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இருந்தது. பழுதுபார்க்கும் வேலையில் கை வைத்தவர்களுக்கு அது விளங்கும்.

பத்து ஐம்பத்தொன்றுக்கு ஸ்பீக்கர் அடித்தது.

கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கும் றஞ்சிதம் அப்போது முற்றத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியமடுவில் இருந்து எங்கள் ஊருக்குக் கலியாணம் கட்டி வந்தவர், கவனமான மனிசி. கையில் துணியோடு வாசலுக்கு வந்தார்.

"என்ன அண்ணை சத்தம்?"

"சும்மா. புதுக் காட் போட்டா இப்பிடித்தான், சோதிச்சுப் பாக்கும்."

"ஏழு தரம் அடிச்சது."

"அது எத்தினை தரமும் அடிக்கும்."

அவர் கறுத்த திரையைப் பார்த்தார். "ஒருக்கா றொட்னிக்குப் போன் அடிச்சுப் பாக்கட்டோ?"

"அந்த ஆழத்தில போன் எடுக்காது எண்டு தெரியாதே உங்களுக்கு? மேசைக்குத் துணியை விரியுங்கோ, ஆக்கள் வரப்போகினம்."

போய்விட்டார். அவரில் ஒரு குற்றமும் இல்லை என்பதைத் தெளிவாக எழுதுகிறேன். நானும் எண்ணினேன். ஏழுதான்.

ஆனியில் ஒரு நாள் இதே ஏழாம் இலக்கம் சும்மா அடித்தது. ஐஸ் பெட்டி மூடி பொத்தானில் விழுந்திருக்கிறது. கரை முழுக்க ஓடி, இரண்டு படகு இறக்கி, போய்ப் பார்த்தால் றொட்னி வலை இழுத்துக்கொண்டு நின்றார். அதை நினைத்தேன். அது நியாயமான நினைப்பு. அடுத்த மூன்று நிமிடத்தில் திரும்ப அடித்தபோது, றஞ்சிதத்தைக் குழப்பக் கூடாது என்று ஸ்பீக்கரின் குமிழைக் குறைத்தேன். முழுதாக நிறுத்தவில்லை. ஸ்பீக்கரின் முகத்தில் விரலை வைத்தால் நடுக்கம் தெரிகிற அளவுக்கு விட்டிருந்தேன். வேலைக்கு இடையில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தரமும் ஏழு.

பதினொன்று நாற்பதுக்குப் பிழையைப் பிடித்தேன். காட்டுக்கென்று தனியாக ஒரு கரண்ட் வயர் உண்டு. அது மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டப்பட்டு மூலைக்குள் கிடந்தது. கட்டை வெட்டி, இழுத்து, குத்தினேன். சுவிச்சைப் போட்டேன். மேசைத் திரையும் சுவரில் இருந்த ரிவியும் ஒன்றாக வெளித்தன. நீலக் கடல், எங்கள் கரை, கோயில் அடையாளம், எல்லாம் அவ்வளவு துல்லியம். ஐயா, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். ஒருவருடைய உதவியும் இல்லாமல் செய்திருந்தேன்.

பிறகுதான் சிவப்பைக் கண்டேன். தென்மேற்கே ஐந்து மைல் அளவில். பக்கத்தில் 10.51 என்று விழுந்திருந்தது.

அந்த நேரம் அங்கே விழுந்திருக்காவிட்டால் நான் வெளியில் ஓடிச் சத்தம் போட்டிருப்பேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். பெட்டி பூட்டாத வேறு இரண்டு படகு கரையில் சும்மா கிடந்தது, நல்ல எஞ்சின், இருபத்தைந்து நிமிட ஓட்டம். ஆனால் அந்த நேரத்தை ரிவியில் ஊரே வாசிக்கும். பத்து ஐம்பத்தொன்றில் இருந்து பதினொன்று நாற்பது வரையும் செயலாளர் என்ன செய்தார் என்று கேட்கும். றஞ்சிதம் ஏழு எண்ணியதைச் சொல்லுவார். வெளியில் விருந்தினரின் வான் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் மாலையோடு நின்றார்கள்.

படகுப் பட்டியலில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் முன்னால் ஒரு சின்னச் சரி அடையாளம் இருக்கும். எடுத்துவிட்டால் அந்தப் படகு திரையில் காட்டாது, அதற்கு ஸ்பீக்கரும் அடிக்காது. ஏழுக்கு முன்னால் இருந்த அடையாளத்தை எடுத்தேன்.

விழா நன்றாக நடந்தது. பாதர் செபம் சொல்லித் திரைச்சீலையை இழுத்தார். ஒன்பது பச்சைப் புள்ளிகள். எல்லாரும் கை தட்டினார்கள். பிரான்சில் இருந்து வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதைப் பாக்கத்தான் தம்பி வந்தனான்" என்றார். அவருடைய தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவராம்.

றொட்னியின் மனைவி சுவேதினியும் வந்திருந்தார். சிற்றுண்டித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரிவியைப் பார்த்தபடி நின்றவர், மெல்ல எனக்குக் கிட்ட வந்தார்.

"அண்ணை, ஏழைக் காணேல்லை?"

"உம்மட மனுசன் பெட்டியை நிப்பாட்டிப் போட்டார் போல" என்றேன். "இண்டைக்கு விழா எண்டு தெரியும்தானே அவருக்கு."

அவரது முகம் சிவந்துவிட்டது. புருசனுக்கும் எனக்கும் உள்ள கதை அவருக்குத் தெரியும். "அவர் அப்பிடிச் செய்ய மாட்டார் அண்ணை" என்று சொல்லிப் பார்த்தார். நான் திரும்பி அடுத்தவருக்குத் தட்டை நீட்டினேன். "வரட்டும், கேக்கிறன்" என்றுவிட்டு, தட்டோடு பின்னுக்குப் போய்ச் சுவரோரம் நின்றார்.

ஒன்று நாற்பதுக்கு வான் போனது. போன உடனேயே நான் ஏழைத் திரும்பப் போட்டேன். புள்ளி வரவில்லை. பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று பிறகு றிஸ்லான் சொன்னார்.

மூன்றரைக்கு இரண்டாம் இலக்கப் படகு செபமாலை என்பவரைக் கொண்டுவந்தது. றொட்னியோடு தொழிலுக்குப் போகிறவர், அறுபது வயது. வெறும் பிளாஸ்ரிக் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறார். றொட்னியின் உடல் அடுத்த நாள் காலை தானாகக் கரைக்கு வந்தது.

விழா நாள் காலையில் கொம்பியூட்டர் முழுதாகச் செத்துக் கிடந்தது, பன்னிரண்டுக்குக் கிட்டத்தான் உயிர் வந்தது, அதற்குள் ஏழின் பெட்டி மூழ்கிவிட்டது என்று நான் சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது. றஞ்சிதமும் தான் கேட்டது சோதனைச் சத்தம்தான் என்று நம்பினார். அன்றைய பதிவை அழித்துவிட்டேன். அடக்க வீட்டில் சங்கத்தின் பெயரில் இரங்கல் வாசித்தது நான். நன்றாக எழுதியிருந்ததாகப் பாதரே சொன்னார். ஐப்பசியில் தெரிவு வந்தது. போட்டி இருக்கவில்லை.

போன கிழமை றிஸ்லான் கொம்பியூட்டரைத் துப்புரவு செய்ய வந்தார். நான் அறியாத இன்னொரு பதிவு உள்ளே இருந்திருக்கிறது. ஏழேழாகப் பதினேழு தரம் அடித்தது, நான் ஏழை எடுத்தது, திரும்பப் போட்டது, எல்லாம் நேரத்தோடு. றிஸ்லான் றஞ்சிதத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். றஞ்சிதம் வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூண்டு நாள் பொறுத்துப் பாப்பன் அண்ணை. நீங்களாப் போய்ச் சொல்லாட்டி, நான் சுவேதினியைக் கூட்டிக்கொண்டு போவன்."

இன்று மூன்றாம் நாள். நானாகவே வந்திருக்கிறேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே முழுதாக எழுதுகிறேன். ஏழாம் இலக்கப் படகு ஆபத்தில் என்று எனக்குப் பத்து ஐம்பத்தொன்றுக்குத் தெரியும். சத்தத்தைக் குறைத்தது நான். பதினொன்று நாற்பதுக்கு அது நிற்கும் இடம் தெரிந்தும் மறைத்தது நான். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்குப் புத்தி தெளிவாக இருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. செபமாலை ஆசுப்பத்திரியில் படுத்திருந்தபோது, நான் பார்க்கப் போன இடத்தில், என்னிடம் சொன்னது. படகு கவிழ்ந்த இடத்தில் இருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறொருவருடைய வலைமிதப்புகளும் கொடிக்கம்பும் தெரிந்ததாம். றொட்னி நல்ல நீச்சல்காரர். தனியாக என்றால் போய்ச் சேர்ந்திருப்பார். செபமாலைக்குக் கால் அடிபட்டிருந்தது. "நீ போ மோனே" என்று இவர் சொல்லியிருக்கிறார். றொட்னி போகவில்லை. கானை இவரிடம் கொடுத்துவிட்டு, தான் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அந்த இடத்திலேயே நின்றிருக்கிறார்.

"பொத்தான் அமத்தினதுதானே அப்பு. சந்தியோகு அண்ணை அந்தத் திரைக்கு முன்னால இருந்து எழும்பாத மனுசன். இப்ப பாத்திருப்பார். வருவினம்" என்றாராம்.

பலகை கைவிட்டுப் போகும் வரையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். செபமாலை அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பொதுக்கூட்டத்தில் அத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொன்ன மனிதர், கடைசியில் என்னை ஒரு நல்ல செயலாளர் என்று ஏற்றுக்கொண்டுதான் போயிருக்கிறார். அதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.