நெசமாவா

— கார் ஏசியக் கம்மி பண்ண வேணாங்கண்ணா, இது குளுரு நடுக்கம் இல்ல. டேப்புல உங்க அண்ணன் குரலு மட்டும்தான் இருந்துச்சுன்னு இப்ப சொன்னீங்களே, அத்த மொதல்லேர்ந்து ஒரு தரம் சொல்லுங்க.

— இன்னா ஜெசிந்தா, தெனமும் சாவப் பாக்கற நர்சம்மா நீயே நடுங்கினா எப்படி. சரி, கேளு. திண்டிவனத்துல இன்னிக்கி படம் தெறந்து வச்சி, மாலையப் போட்டு, மேடையில ஏறினவன் எல்லாம் எங்க அண்ணன் ஜெகதீசன் பறந்த கதையத்தான் பேசினான். புது பிளேனு எது வந்தாலும் ஏர்போர்சுல மொதல்ல அவரத்தான் ஏத்தி வுடுவாங்க. தாங்குமா தாங்காதான்னு பாத்துச் சொல்றதுதான் அவரு வேலை. பனமலையிலேர்ந்து போயி நாடு பூரா பேரெடுத்தவரு. எல்லாம் சரி. அவரு குதிச்ச கதைய மட்டும் ஒருத்தனும் எடுக்கல பாத்தியா.

— அவரு கூடப் போனவரு செத்துட்டாருன்னு கேள்விப்பட்டிருக்கிறேன்.

— மணிமாறன். இஞ்சினியரு, திண்டிவனத்துக்காரரு. வேலை பாத்த பெங்களூர்ல நம்மூருப் பேச்சு பேச அவருக்கு இவரு, இவருக்கு அவரு. அன்னிக்கி முன்சீட்டுல அண்ணன் ஓட்டிக்கினு போறாரு, பின்சீட்டுல அவரு மீட்டரப் பாத்துக்கினு வர்றாரு. மேல போனப்பறம் வாலுப்பக்கம் தீ புடிச்சிக்கிச்சு. ரெண்டு பேரும் பேசிக்கிற லைனு அறுந்துபோச்சு. திரும்பினா புகைதான், ஆளு தெரியல. அந்த பிளேன்ல அவங்கவங்க புடிய அவங்கவங்கதான் இழுக்கணுமாம். இழுத்தா சீட்டோட தூக்கி வெளிய போட்டுடும், பாராசூட்டு விரியும். மணிமாறன் இழுக்கல.

— இவரு இழுத்திருக்கலாமில்ல?

— இவரு போயிட்டா பிளேன நேரா புடிக்க ஆளில்லயே. பின்னாடி மயக்கமா கெடக்கறவருக்கு முழிப்பு வந்தாக்கூடத் தப்பிக்க முடியாது. அதனால எங்க அண்ணன் புடிச்சிக்கினே இருந்தாரும்மா. தீயி இவரு முதுகுக்கு வந்துடுச்சு, அப்பவும் வுடல. அப்பதான் காதுல மாட்டியிருந்த கருவியில யாரோ ஒரு கெழவன் பேசறான். கரகரன்னு, மூச்ச இழுத்து இழுத்து, நம்ம விழுப்புரம் காணைப் பக்கத்துப் பேச்சுல. ‘மணிமாறன் போயிட்டாண்டா, யாருக்காகப் புடிச்சிக்கினு இருக்கிற, நீ குதி’ன்னு.

— கீழேர்ந்து யாராவது சொல்லியிருப்பாங்க.

— கீழ அன்னிக்கி தமிழு தெரிஞ்ச ஆளே கெடயாது. விசாரணையில, பிளேன்ல பேசினது பதிவான டேப்பப் போட்டாங்க. எங்க அண்ணன் ‘யாருங்க பேசறது’ன்னு கேக்கறாரு. அப்பறம் வெறும் இரைச்சலு. அப்பறம் ‘நெசமாவா’ன்னு கேக்கறாரு. மறுபடியும் இரைச்சலு. அவ்வளவுதான், குதிச்சிட்டாரு. நடுவுல பதிலு சொன்ன குரலு மட்டும் அதுல இல்லவே இல்ல.

— அந்த மணிமாறன் சாரு அப்ப நெசமாவே செத்துட்டிருந்தாராண்ணா?

— அத்தத்தான் யாராலயும் சொல்ல முடியல. பிளேனு ஒரு கேப்பைக் கொல்லையில விழுந்து, அவரு கரியாத்தான் கெடச்சாரு. மேலயே உசிரு போச்சா, விழுந்தப்பறம் போச்சான்னு டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. அண்ணனுக்கு மெடலு குடுத்தாங்க. அத்த வுடு. அந்த மனுசன் ரிட்டயராயி ஊருக்கு வந்து இன்னா பண்ணாரு தெரியுமா? குரலத் தேடினாரு. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல, சந்தையில, வயசான ஆளா பாத்து நிறுத்தி, ‘அய்யா, குதின்னு ஒரு தரம் சொல்லுங்க’ன்னு கேப்பாரு. சொல்றவங்க மூஞ்சியப் பாக்க மாட்டாரு, கண்ண மூடிக்குவாரு. பைத்தியம்னு பேசிக்கினாங்க. நான்தான் கையப் புடிச்சி இட்டுக்கினு வருவேன்.

— கெடைக்கலயா?

— எங்க கெடைக்கும். கடைசியில தேடறத வுட்டுட்டாரு. எங்கிட்ட, ‘தம்பி முருகா, அப்படி ஒரு கெழவனே இல்லடா. உசிருக்கு பயந்துக்கினு நானே ஒரு குரல உண்டாக்கிக்கினேன்’னாரு. அதுக்கப்பறம் சோறு தண்ணி சரியா எறங்கல. அதே வருசம்தான் நுரையீரலும் கெட்டு, தொண்டையும் போச்சு. கணீர்னு இருந்த குரலு அடியோட மாறிடுச்சு.

— நான் அவர ஆஸ்பத்திரியிலதான பாத்தேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தக் கரகரப்பு மட்டும்தான்.

— ஆமா, நீ... ஏம்மா அழுவற?

— அவரு போன அன்னிக்கி மத்தியானம் நீங்க மருந்து வாங்கக் கீழ போனீங்களே. ரூமுல நானும் அவரும்தான். திடீர்னு ஏதோ கருகற வாசனை. ஒயரு எரியுதோன்னு ஒவ்வொரு பிளக்கா தொட்டுப் பாத்தேன், எல்லாம் சில்லுனு இருக்குது. திரும்பினா அவரு மாஸ்க்கக் கழட்டிட்டு மேல பாத்துக்கினு இருக்கிறாரு. ‘மணிமாறன் போயிட்டாண்டா, யாருக்காகப் புடிச்சிக்கினு இருக்கிற, நீ குதி’ன்னாரு. பாருங்க, நீங்க சொன்ன அதே வார்த்தை. அப்பறம் யாரோ பேசறதக் கேக்கற மாதிரி காதக் குடுத்தாரு. கேட்டுட்டு, ‘நெசமாத்தாண்டா’ன்னாரு. கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னுபோச்சு. பெனாத்தறாருன்னுதான் அன்னிக்கி நெனச்சேன். ஆண்டவரே, யாருகிட்ட பேசினாருன்னு இப்பதான் எனக்குத் தெரியுது. ஏங்கண்ணா வண்டிய நிறுத்திட்டீங்க?

— அந்தத் தண்ணி பாட்டில எடு. இரும்மா.

— தண்ணி குடிங்க.

— எங்க அண்ணன்தான் அது. அவரு குரல அவருதான் கேட்டிருக்கிறாரு. இத்தன வருசமா ஊரெல்லாம் தேடினாரே, தனக்குள்ளயே இருந்திருக்குது. ஜெசிந்தா, அவரு கோழை இல்லம்மா. சாவற நேரத்துல அந்த எடத்துக்கே திரும்பப் போயிருக்கிறாரு. அப்ப புகையில தெரியாத பின்சீட்டு இப்ப தெரிஞ்சிருக்கும். மணிமாறன் செத்துக் கெடக்கறத கண்ணால பாத்துட்டுத்தான் சொல்லியிருக்கிறாரு. அத்தாட்சி இது.

— அண்ணா...

— கூட்டத்துல கடைசி வரிசையில வெள்ளச் சேலையில ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களே, பாத்தியா? இசைவாணி, மணிமாறன் சம்சாரம். அண்ணன் எப்ப போனாலும் அந்தம்மா டீ குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. ‘நீங்க குதிச்சப்ப அவரு உசிரோட இருந்தாரா?’ அண்ணன் தலைய குனிஞ்சிக்கினு எழுந்து வந்துடுவாரு. இன்னிக்கி எங்கிட்ட பதிலு இருக்குது. கூட்டேரிப்பட்டு பாலத்துகிட்ட திருப்பினா ஜல்தியா போயிடலாம். நீயும் வா, நீ கேட்டத நீயே சொல்லு. அந்தம்மா இன்னிக்காவது நிம்மதியா தூங்கட்டும்.

— வேணாங்கண்ணா. வண்டியத் திருப்பாதீங்க.

— ஏன், நம்ப மாட்டாங்கன்னு பாக்கறியா?

— நம்பிடுவாங்க. அதுக்குத்தான் வேணாங்கிறேன். நான் உங்ககிட்ட முழுசா சொல்லலண்ணா. குதின்னு சொல்றதுக்கு முந்தி அவரு ரொம்ப நேரம் அழுதாரு.

— எதுக்கு?

— ‘பின்னாடி உக்காந்துக்கினு இன்னும் என் பேரச் சொல்லிக் கூப்புடறானே சிஸ்டர்’னு அழுதாரு. அப்பறம் என் கையப் புடிச்சிக்கினு, ‘ஒரு உசிரையாவது காப்பாத்தணும்னா ஒரு பொய் சொல்லலாமா’ன்னு கேட்டாரு. எனக்கு இன்னா தெரியும்ணா, ‘நாங்க தெனமும் சொல்றதுதான சார், சொல்லுங்க’ன்னுட்டேன்.