பதினேழாம் பிரிவின் மூன்று வரிகள்

விசாரணை அதிகாரி ஐயா, எனக்குக் கண் பார்வை இன்னும் நன்றாகவே இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் அரசு அச்சகத்தில் பிழை திருத்திய கையால் சத்தியம் செய்து எழுதுகிறேன்: இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

அமைதிச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு எங்கிருந்து வந்தது, அதன் நோக்கம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்தின் அடியில் மூன்று வரி இடம் காலியாக இருந்தது. அதுதான் நோக்கம்.

அச்சுக்கோப்பவர்தான் தாளோடு வந்து நின்றார். "சார், அடியில பொக்கை வாய் மாதிரி இளிக்குது. எதையாவது போட்டு அடைங்க."

மாடிப்படியில் சீட்டி அடிப்பது குற்றம், ஓராண்டுச் சிறை என்பதை மூன்று வரிக்கு நீட்டி எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எல்லோரும் போட்டார்கள். பக்கத்தின் அடிவரை யார் படிக்கிறார்கள்?

ஏன் சீட்டி என்பீர்கள். எங்கள் வீட்டு மாடிப்படியில் தினமும் காலையில் அந்தச் சத்தம் கேட்கும். அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். மாடி அறையில் இருந்தவன் என் மனைவியின் தம்பி. கடிகாரம் பழுது பார்ப்பவன், பரம சாது. இரண்டு ஜன்னல் வைத்த அறை, காற்று அள்ளிக்கொண்டு வரும். சட்டம் அமலுக்கு வந்த வாரமே, குடிமகனின் கடமை என்று அவன்மேல் புகார் கொடுத்தேன்.

நீதிமன்றத்தில் அவன் என்னைப் பார்த்தே பேசினான். "மாமா, எனக்குச் சீட்டி அடிக்கவே வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா? சொல்லுங்க மாமா."

நீதிபதி அடித்துக் காட்டச் சொன்னார். கன்னம் உப்ப ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது. திறமையை வேண்டுமென்றே மறைக்கிறார் என்று நீதிபதி குறித்துக்கொண்டார். சமுதாயம் என்னும் வீட்டுக்குச் சட்டமே படிக்கட்டு என்று பதினோரு பக்கத் தீர்ப்பு எழுதினார். அதற்கும் நான்தான் பிழை திருத்தினேன். கண் கலங்கிவிட்டது. என் மூன்று வரிக்குள் இவ்வளவு பொருள் இருப்பது எனக்கே தெரியாது.

அதன் பிறகு நாற்பத்தொரு பேர் உள்ளே போயிருக்கிறார்கள். அதில் ஒருவர், படியில் நின்று தன் நாயைக் கூப்பிட்ட தபால்காரர்.

மனைவி தினமும் கேட்கிறாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் வெளிய வந்துடுவான். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அச்சுல ஏறினத மாத்த நான் யாரும்மா?"

"ஏத்தினப்ப மட்டும் யாரா இருந்தீங்க?"

அவளுக்குச் சட்ட ஞானம் குறைவு. சட்டம் யாரையும் வருத்துவதற்காக இல்லை ஐயா, அவரவரை அவரவர் இடத்தில் வைப்பதற்காக. அவன் அங்கே இருக்கிறான். என் சாய்வு நாற்காலி மாடி அறையில், இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிறது. எல்லாம் ஊர் அமைதிக்காகச் செய்தது. மற்றபடி எனக்கென்று ஓர் ஆசையும் இல்லை.

காலையில் மாடிப்படியில் சீட்டிச் சத்தம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. புதுப் பல் செட்டு மாட்டியதிலிருந்து எனக்கு முன்னைவிடச் சுத்தமாகவே வருகிறது.